கலைக்களஞ்சியம் நீதிமன்றமன்று

 

இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் பார்வைக்குச் சிறியது. ஒரு நகராட்சித் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஓர் ஊராட்சி ஒன்றியத் தலைவர், ஒரு முறை சட்டமன்றத்துக்குப் போய்வந்தவர். அவர்மீது வழக்குத் தொடரப்படுகிறது. கீழ்நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்துத் தண்டனை விதிக்கிறது. அவரோ தாம் நிரபராதி என்று சொல்லி மேல்முறையீடு செய்கிறார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கிறது. இதற்கிடையே இணையக் கலைக்களஞ்சியத்தில் அவரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் என்ன எழுதுவது? குற்றவாளி என்று எழுதுவதா? எழுதாமலே விட்டுவிடுவதா? பொய் வழக்கு என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வதை எழுதுவதா? இந்த மூன்றில் எதைச் செய்தாலும் பிழை என்பதும், பிழையில்லாமல் செய்வதற்கு நான்காவது வழி ஒன்று உண்டு என்பதுமே இன்று நான் சொல்ல வந்தது.

முன்னாளில் இந்தச் சங்கடம் இவ்வளவு இருந்ததில்லை. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராகப் பாடுபட்டுத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. புராண புருஷர்களும் புலவர்களும் அரசர்களுமே பெரும்பாலும் அதில் இடம்பெற்றார்கள். அவர்களில் எவரும் வழக்கறிஞர் நோட்டீசு அனுப்பப் போவதில்லை. பிறகு, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் சார்பில், பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு உருவான கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு கட்டுரை எழுதப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, அச்சுக்கோத்து, வாசகன் கைக்கு வந்து சேர்வதற்குள் பல வழக்குகள் முடிந்தே போயிருக்கும். தாமதம் அக்காலத்து நூல்களுக்கு ஒரு குறையாக இருந்தது. அந்தத் தாமதமே ஒரு காவலாகவும் இருந்தது.

இன்று அந்தக் காவல் இல்லை. விக்கிப்பீடியா 2001இல் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் பிறந்தது. தீர்ப்பு வாசிக்கப்பட்ட சில நிமிஷங்களுக்குள், நீதிபதி ஆசனத்தைவிட்டு எழுவதற்கு முன்பாகவே, "குற்றவாளி" என்ற சொல் ஒருவருடைய பக்கத்தில் ஏறிவிடுகிறது. ஏறுவதற்கு நிமிஷம் போதும். இறங்குவதற்கு எவ்வளவு காலம் ஆகும்?

அதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜான் சைகந்தாலர் என்பவர் அமெரிக்காவின் மூத்த பத்திரிகையாளர். ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர். கென்னடி சுடப்பட்டு இறந்தபோது அவருடைய சவப்பெட்டியைத் தாங்கிச் சென்றவர்களில் ஒருவர். அப்படிப்பட்டவரைப் பற்றி, கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பு உண்டென்று ஒரு காலத்தில் சந்தேகிக்கப்பட்டது என்று, 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் யாரோ ஒருவர் விக்கிப்பீடியாவில் எழுதிவைத்தார். வெறும் பொய். ஆனால் அந்தப் பொய் நான்கு மாதங்களுக்கு மேல் அங்கேயே இருந்தது. வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. குற்றம் மட்டும் இருந்தது! சைகந்தாலர் அதை நாளிதழில் எழுதி உலகுக்கு அறிவித்த பிறகுதான், உயிரோடிருக்கும் மனிதர்களைப் பற்றி எழுதுவதற்கென்று தனியான, கடுமையான விதிகள் அங்கே வகுக்கப்பட்டன. நம்பத்தகுந்த சான்றில்லாத பழிச்சொல்லை விவாதத்துக்குக் காத்திராமல் உடனே நீக்கிவிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்மானிக்கும் வரையில் எவரும் நிரபராதியே என்பது மற்றொன்று.

நல்ல விதிகள். ஆனால் அன்பர்களே, நம்முடைய பிரச்சினை அந்த விதிகள் முடிகிற இடத்தில் அல்லவா தொடங்குகிறது? நீதிமன்றம் தீர்மானித்தும்விட்டது, அந்தத் தீர்மானத்தை நம் நகராட்சித் தலைவர் மறுத்து வேறொரு நீதிமன்றத்தின் படியும் ஏறிவிட்டார். இப்போது அவர் யார்?

இதை நம் நாட்டுச் சரித்திரமே நமக்குப் பாடமாக நடத்திக் காட்டியிருக்கிறது. செல்வி ஜெயலலிதா அவர்களின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நில வழக்கில் 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அதன் காரணமாக 2001 தேர்தலில் அவருடைய வேட்புமனுக்கள் தள்ளுபடி செய்யப்பட்டன. ஆனாலும் கட்சி வென்றது, மே மாதத்தில் அவர் முதலமைச்சரானார். செப்டம்பர் 21ஆம் தேதி அந்த நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் வென்று மீண்டும் முதலமைச்சரானார். 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதி செய்தது. இதில் எந்த ஒரு மாதத்தில் பேனாவை நிறுத்தினாலும், அந்த மாதத்துக்கு அது உண்மை. முழு வாழ்க்கைக்கு அது பொய்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. சொத்துக் குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27ஆம் தேதி பெங்களூர்த் தனி நீதிமன்றம் நான்காண்டுச் சிறையும் நூறு கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 2015 மே 11ஆம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2016 டிசம்பர் 5ஆம் தேதி அவர் காலமானார். 2017 பிப்ரவரி 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, தனி நீதிமன்றத்தின் தீர்ப்பை உடன் குற்றம் சாட்டப்பட்ட மற்ற மூவர் விஷயத்தில் நிலைநிறுத்தியதோடு, மறைந்துவிட்ட அவரைப் பொறுத்தவரையில் மேல்முறையீடுகள் அற்றுப்போயின என்றும் குறிப்பிட்டது. சரி, இப்போது சொல்லுங்கள்: அவருடைய வாழ்க்கைக் குறிப்பின் முதல் வரியில் எந்தச் சொல்லைப் போடுவது? ஒரு சாரார் ஒரு சொல்லைச் சொல்வார்கள். மறு சாரார் வேறொரு சொல்லைச் சொல்வார்கள். சட்டம் படித்தவர்கள் தங்களுக்குள்ளேயே வாதாடுவார்கள். கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவன் செய்யத்தக்கது ஒன்றே: நான் இப்போது சொன்ன நான்கு தேதிகளையும், நான்கு நிகழ்ச்சிகளையும், ஒன்றைக் கூட்டாமல் ஒன்றைக் குறைக்காமல் வரிசையாக எழுதிவிட்டு, ஒற்றைச் சொல்லால் அவற்றை மூடிவிட முயலாமல் ஒதுங்கிக்கொள்வது. அதுதான் நான் முதலில் சொன்ன நான்காவது வழி.

இனி, சட்டத்தின் ஒரு நுட்பத்தைக் கொஞ்சம் பொறுமையோடு கேளுங்கள். ஏனென்றால் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் நேர்கிறது. தண்டனையை நிறுத்திவைப்பது ஒன்று. குற்றவாளி என்ற தீர்மானத்தையே நிறுத்திவைப்பது வேறொன்று. தீர்ப்பை ரத்து செய்வது முற்றிலும் வேறொன்று. மூன்றாண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனை என்றால், மேல்முறையீடு செய்ய அவகாசம் தந்து, தண்டனை விதித்த நீதிமன்றமே அவரை ஜாமீனில் விடுவிப்பதற்குச் சட்டம் இடந்தருகிறது. அது ஏறக்குறைய வழக்கமான நடைமுறை. ஆனால் குற்றத் தீர்மானத்துக்கே தடை என்பது அபூர்வம். தக்க காரணம் காட்டினால்தான் கிடைக்கும். தண்டனை நிறுத்திவைக்கப்பட்ட மறுநாள் காலையில் என்ன நடக்கிறது? "தண்டனைக்குத் தடை" என்று பத்திரிகையில் தலைப்பு வருகிறது; மத்தியானத்துக்குள் "தீர்ப்பு ரத்து" என்று ஒருவர் கலைக்களஞ்சியத்தில் எழுதிவிடுகிறார்; சாயங்காலம் அதை இன்னொருவர் அழித்துவிட்டு "ஊழல் குற்றவாளி" என்று எழுதுகிறார்; இரவுக்குள் அந்தப் பக்கம் போர்க்களமாகிப் பூட்டுப் போடப்படுகிறது.

இந்த நுட்பம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் எட்டாவது பிரிவின்படி, ஈராண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர் அன்று முதல் தகுதியிழக்கிறார். சிறையிலிருந்து வெளிவந்த பின்னும் ஆறாண்டு அந்தத் தகுதியின்மை தொடர்கிறது. பதவியிலிருப்பவர்களுக்கு மட்டும் மூன்று மாத அவகாசமும், மேல்முறையீடு முடியும் வரையில் பாதுகாப்பும் தந்திருந்த உட்பிரிவை, லில்லி தாமஸ் வழக்கில் 2013 ஜூலை 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. அது முதல், தீர்மானத்துக்குத் தடை உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தே நாற்காலி இருப்பதும் போவதும்.

இலட்சத்தீவின் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த முகம்மது பைசல் அவர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2023 ஜனவரியில் கவரத்தி நீதிமன்றம் ஒரு கொலைமுயற்சி வழக்கில் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது, பதவி போயிற்று, இடைத்தேர்தல்கூட அறிவிக்கப்பட்டது. அதே மாதத்தில் கேரள உயர் நீதிமன்றம் தீர்மானத்தை நிறுத்திவைத்தது. மார்ச்சில் பதவி திரும்பியது. அக்டோபரில் அதே உயர் நீதிமன்றம் அந்தச் சலுகையை மறுத்தது. மீண்டும் பதவி போயிற்று. சில நாட்களில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. நவம்பரில் மீண்டும் பதவி வந்தது. ஒரே ஆண்டில் இரண்டு முறை இழந்து இரண்டு முறை பெற்றார்! இத்தனைக்கும், குற்றம் செய்தாரா இல்லையா என்ற மூல வழக்கை எந்த மேல்நீதிமன்றமும் அப்போது முடிவாகத் தீர்மானிக்கவில்லை. தேதியில்லாமல் எழுதிய ஒரு வாக்கியம் அந்த ஆண்டில் எத்தனை முறை பொய்யாகியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

மக்கள்தொகையில் நாட்டிலேயே மிகச் சிறிய தொகுதி அது. நம்மூர் நகராட்சிகள் பல அதைவிடப் பெரியவை. ஆனாலும் அவர் நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் ஒவ்வொரு திருப்பமும் தில்லிப் பத்திரிகைகளில் வந்தது. நம்முடைய ஒன்றியத் தலைவருக்கு அந்தப் பாக்கியம் உண்டா? முதலமைச்சரின் பக்கத்தை ஆயிரம் கண்கள் காவல் காக்கின்றன. தவறு நுழைந்தால் தேநீர் ஆறுவதற்குள் ஒருவர் திருத்திவிடுகிறார். ஒன்றியத் தலைவரின் பக்கத்தைப் பார்ப்பவர் இருவரே: ஒருவர் அவருடைய மருமகன், மற்றவர் அவரிடம் தோற்றவருடைய மருமகன்! அவருக்குத் தண்டனை கிடைத்த செய்தி மாவட்டப் பதிப்பில் படத்தோடு வரும்; ஏழாண்டு கழித்து அவர் விடுதலையான செய்தி ஏழாம் பக்கத்து மூலையில் நான்கு வரியாக வரும், அல்லது வராமலே போகும். சான்றில்லாமல் எழுதக் கூடாது என்ற நல்ல விதியே அப்போது அநியாயத்துக்குத் துணைபோகிறது. தண்டனைக்குச் சான்றிருக்கிறது, விடுதலைக்குச் சான்றில்லை. பற்றை மட்டும் எழுதி வரவை எழுதாத கணக்குப்பிள்ளையை எந்தக் கடைமுதலாளியாவது வைத்துக்கொள்வாரா?

"அப்படியானால் நீதிமன்றப் பதிவேட்டையே இணையத்தில் பார்த்து எழுதிவிடலாமே" என்று ஓர் இளைஞர் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் விக்கிப்பீடியாவின் விதி, உயிரோடிருப்பவர்களைப் பற்றி நீதிமன்ற ஆவணங்களை மட்டும் ஆதாரமாகக் கொண்டு எழுதுவதைத் தடுக்கிறது; அதற்கு நியாயமும் இருக்கிறது. நம் பெயர்களைப் பாருங்கள்: ஓர் எழுத்து முன்னே, ஒரு பெயர் பின்னே. ஒரே மாவட்டத்தில் எத்தனை எஸ். முருகன்கள், எத்தனை கே. செல்வராஜ்கள்! 2024 நாடாளுமன்றத் தேர்தலில் இராமநாதபுரத்தில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது, அதே பெயரும் அதே முன்னெழுத்தும் உடைய பலர் சுயேச்சைகளாக நின்ற அதிசயத்தை நாடே பார்த்தது. வாக்குச்சீட்டிலேயே குழம்பவைக்கிற பெயர், வழக்குப் பட்டியலில் குழம்பவைக்காதா? வேறொரு முருகன் செய்த குற்றத்தை இந்த முருகன் தலையில் கட்டிவிட்டால், அந்தப் பாவம் யாரைச் சேரும்?

அடுத்தது வேட்பாளரின் பிரமாணப் பத்திரம். வேட்பாளரின் குற்றப் பின்னணியை அறிவது வாக்காளரின் உரிமை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது முதல் ஒவ்வொரு வேட்பாளரும் தம்மீதுள்ள வழக்குகளைப் பிரமாணமாக எழுதித் தரவேண்டியிருக்கிறது. இது பெரிய வரம். அந்தப் பத்திரத்தில் நிலுவை வழக்கும் தண்டனையில் முடிந்த வழக்கும் வேறுவேறு இடத்தில் இருக்கின்றன. ஆனால் மறியல் செய்த வழக்கும் மோசடி செய்த வழக்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன. "இவர்மீது பன்னிரண்டு குற்ற வழக்குகள்" என்று எழுதிவிட்டால் போதுமா? பன்னிரண்டும் குடிநீருக்காகச் சாலையை மறித்ததற்காகவே போடப்பட்டவை என்றால், அந்த வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் உண்மை, மொத்த வாக்கியமும் பொய்!

இங்கே நாம் நினைவுகூர வேண்டிய ஒரு பெருமகன் உண்டு. 1908ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, தூத்துக்குடி வக்கீல் ஒருவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அந்த வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால் குற்றத் தீர்மானம் போகவில்லை. 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்தபோது, வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் அந்த உரிமையை மீட்டுத்தந்த வாலேஸ் துரையின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். இப்போது கேட்கிறேன்: சிதம்பரனாரின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து அந்தத் தண்டனையை நீக்கிவிடலாமா? நீக்கினால் வரலாறே இல்லை. "ராஜத்துரோகக் குற்றவாளி" என்று முதல் வரியில் எழுதலாமா? எழுதினால் அதைவிடப் பெரிய பொய் இல்லை. எந்த ஆட்சியில், எந்தச் சட்டத்தின்படி, எந்தச் செயலுக்காக, எந்த நீதிபதி, எவ்வளவு தண்டனை, மேல்நீதிமன்றம் என்ன செய்தது என்று அத்தனையையும் எழுதினால், ஆசிரியன் ஒரு புகழ்ச்சொல் கூடப் போடவேண்டியதில்லை; வாசகன் தானே கைகூப்புவான். இதையேதான் இன்றைய உள்ளூர் அரசியல்வாதிக்கும் செய்யச் சொல்கிறேன். விவரத்தை முழுவதும் கேட்டால் கைகூப்பத்தக்கவரை வாசகன் கைகூப்பட்டும், வெறுக்கத்தக்கவரை வெறுக்கட்டும். அது வாசகனின் உரிமை, நம்முடையதன்று.

ஆகவே எழுதுகிற இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலாவது, பெயர்ச்சொல்லைக் கொடுக்காதீர்கள், நிகழ்ச்சியைக் கொடுங்கள். "இவர் ஓர் ஊழல் குற்றவாளி" என்று எழுதாதீர்கள். "இன்ன ஆண்டில், இன்ன சட்டத்தின் இன்ன பிரிவின்கீழ், இன்ன நீதிமன்றம் இவருக்கு ஈராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது, இவர் மேல்முறையீடு செய்தார், இன்ன தேதியில் உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது, இன்ன மாத நிலவரப்படி மேல்முறையீடு நிலுவையில் உள்ளது" என்று எழுதுங்கள். சுவை குறைவுதான், நாளை பொய்யாகாது.

இரண்டாவது, தண்டனையை எழுதிய கை, விடுதலையையும் எழுதக் கடமைப்பட்டது. ஒருவர் பக்கத்தில் தீர்ப்பைப் பதிவு செய்தீர்களா? அந்த வழக்கு முடியும் வரையில் அந்தப் பக்கத்தைக் கண்காணிக்கும் பொறுப்பும் உங்களைச் சேர்ந்தது. அதற்கு நேரமில்லை என்பவர் முதல் வரியையும் எழுதாதிருப்பதே மேல்.

மூன்றாவது, அளவு தவறாதீர்கள். முப்பதாண்டுப் பொதுவாழ்வுக்கு மூன்று வரியும், மூன்று மாத வழக்குக்கு முப்பது வரியும் எழுதிவிட்டு நடுநிலை என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். அதேபோல, மக்கள் பணத்தைக் கையாண்ட வழக்கில் தண்டனை பெற்றதைக் கடைசிப் பத்தியின் கடைசி வாக்கியத்தில், ஒருவர் கண்ணிலும் படாதபடி ஒளித்துவைக்காதீர்கள்.

நான்காவது, நீதிமன்றம் சொல்லாததைச் சொல்லாதீர்கள். சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை என்று தீர்ப்பு சொன்னால் அப்படியே எழுதுங்கள். "தப்பித்தார்" என்று எதிர்ப்பவர் எழுதுவதும், "குற்றமற்றவர் என்று நிரூபணமாயிற்று" என்று ஆதரிப்பவர் எழுதுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். பொய் வழக்கு என்பது அவருடைய வாதமானால், அது அவருடைய வாதம் என்று தெரியும்படி அவர் வாயில் வைத்து எழுதுங்கள்.

ஐந்தாவது, சண்டை வந்தால், விவாதிப்பதற்கென்று உள்ள பேச்சுப் பக்கத்துக்கு வாருங்கள். ஒருவர் எழுதியதை ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் மாற்றி மாற்றி அழிக்கலாகாது என்று விக்கிப்பீடியாவில் ஒரு விதி உண்டு. அழிப்பதில் வென்றவன் வாதத்தில் வென்றவன் அல்லன்.

"இவ்வளவு தாட்சண்யம் எதற்கு? மக்கள் பணத்தைத் தின்றவனுக்கு மரியாதையா? வாக்காளனுக்கு உண்மை தெரிய வேண்டாமா?" என்று ஒரு பெரியவர் கோபத்தோடு கேட்கக்கூடும். ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பதவியும் பணமும் உள்ளவர்களுடைய மேல்முறையீடுகள் பதினைந்தாண்டு, இருபதாண்டு இழுத்தடிக்கப்படுவதை நாமெல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால்தான் சொல்கிறேன், எழுதாமல் விடக்கூடாது என்று. மேல்முறையீடு நிலுவையில் இருப்பது, தீர்ப்பை மறைப்பதற்கு ஒரு திரை ஆகாது. நீதிமன்ற நடவடிக்கையை உள்ளது உள்ளபடி வெளியிடுவது அவதூறு ஆகாதென்று சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. தேதியோடும் பிரிவோடும் எழுதப்பட்ட ஒரு நேர்மையான பத்தி, ஆயிரம் வசைச்சொற்களைவிட வலிமையுள்ளது. ஏனென்றால் வசையை ஆதரவாளன் அழித்துவிடுவான், விவரத்தை அவனால் அழிக்க முடியாது. வாக்காளனுக்கு வேண்டியது நம்முடைய கோபமன்று, விவரம். கோபப்படுவதா வேண்டாமா என்பதை அவன் வாக்குச்சாவடியில் தீர்மானித்துக்கொள்வான்.

அன்பர்களே, குற்றத்தைத் தீர்மானிக்க நீதிமன்றம் இருக்கிறது. ஆளைத் தீர்மானிக்க வாக்காளர் இருக்கிறார். இந்த இருவருக்கும் நடுவில் நின்று, நடந்ததை நடந்த வரிசையில், நடந்த தேதியோடு எழுதிவைப்பவன் ஒருவன் வேண்டும். அவனுக்கு நீதிபதியின் அங்கி வேண்டாம், கட்சிக்காரனின் துண்டும் வேண்டாம். இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் இளைஞர்கள், தத்தம் ஊர்த் தலைவர்களின் பக்கங்களை இன்றிரவே திறந்து பாருங்கள். தேதியில்லாத தீர்ப்பு எங்கெங்கே கிடக்கிறது என்று தேடுங்கள். முடிவு எழுதப்படாத வழக்குகளுக்கு முடிவைத் தேடிப்பிடித்து எழுதுங்கள். அவர் உங்களுக்குப் பிடித்தவராக இருந்தாலும் எழுதுங்கள். பிடிக்காதவராக இருந்தால் இன்னும் கவனமாக எழுதுங்கள்.